58 சிசி செயின்சாவுக்கும் எம்எஸ் 382-க்கும் பார்: எந்த விலைக்கு எது கட்டுபடியாகும்?

கருவேலங்காடு கேட்டது:

மரம் அறுக்கிற செயின்சா மெஷின் ரெண்டு இருக்கு. ஒண்ணு 58 சிசி சைனா மெஷின், 22 இஞ்ச் பார் (செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு). இன்னொண்ணு ஸ்டில் எம்எஸ் 382, 25 இஞ்ச் பார். முக்கால்வாசி வேலை சீமைக்கருவேல், கொஞ்சம் சவுக்கு, அப்பப்போ பட்டுப்போன தென்னை. இடம் அறந்தாங்கி பக்கம். மணல் பூமி.

சைனா மெஷினோட வந்த பார், ரெண்டாவது செயின் பாதி தேயுறதுக்குள்ள வாய் விரிஞ்சுபோச்சு. செயின் காடிக்குள்ள (பார் விளிம்புல செயின் ஓடுற பள்ளம்) ஆடுது, அறுப்பு நேரா இறங்காம வலப்பக்கம் வளையுது. கடையில மூணு விதமா காட்டுறாங்க: பேரே இல்லாத பார், ஆரெகான் பிராண்டு, மெஷின் கம்பெனி ஒரிஜினல். பேரில்லாததுக்கும் ஒரிஜினலுக்கும் விலையில மூணு மடங்கு வித்தியாசம். ஆன்லைன்ல சுகிஹாரா, சுமுரானு ஜப்பான் பாரும் கண்ணுல படுது.

அந்த மூணு மடங்குக்கு உள்ள என்ன இருக்கு? வாங்கும்போதே கையில வச்சுப் பார்த்து நல்லதா கெட்டதானு சொல்ல வழி உண்டா? 382-க்கு மூக்கை (பாரோட நுனி) மட்டும் கழட்டி மாத்துற மாதிரி பார் வருதே, அது லாபமா?

---

மூணு பிளேட் பதில்:

பாரை மூணு சாதியா பிரிச்சுக்குங்க. கடைக்காரர் எல்லாத்தையும் "பிளேடு"னுதான் சொல்வார், அதனால நாமதான் கேட்டு வாங்கணும்.

முதல் வகை, மூணு தகடு ஒட்டினது. வெளியே ரெண்டு தகடு, நடுவுல கொஞ்சம் சின்னதா ஒரு தகடு. மூணையும் மின்சார ஸ்பாட் வெல்டிங்ல சேர்க்கிறாங்க. நடுத்தகடு உள்ளே தள்ளி நிற்கிறதாலதான் விளிம்புல காடி கிடைக்குது. ஸ்டில் ரோலோமேட்டிக் இ இந்த வகை. ஆரெகான்ல சின்ன, நடுத்தர மெஷினுக்கு வர்றதும் பெரும்பாலும் இதுதான். எடை குறைவு, விலை நியாயம். மூக்கு வீல் (நுனியில செயினோட சுத்துற பல்சக்கரம்) உள்ளேயே ரிவெட் அடிச்சு இருக்கும், அது போனா பாரே போச்சு.

ரெண்டாவது, ஒரே கட்டி எஃகுல காடி வெட்டினது, மூக்கைத் தனியா மாத்தலாம். ரோலோமேட்டிக் இஎஸ், ஜப்பான் பார் பலதும் இப்படித்தான். கனம் ஜாஸ்தி, ஆனா முறுக்கினா சட்டுனு வளையாது. இதுலயே உள்ளே குடைஞ்சு நைலான் மாதிரியான பொருளை நிரப்பி எடையைக் குறைச்சதுதான் "லைட்" பார். 25 இஞ்ச்சுக்கு மேல நாள் முழுக்கத் தூக்கிப் பிடிக்கிறவங்க தவிர யாருக்கும் அந்தக் காசு திரும்பி வராது.

மூணாவது, மூக்குல வீலே இல்லாத கட்டை மூக்கு. நுனியில ஸ்டெல்லைட் மாதிரி கடினமான உலோகப் பூச்சு மட்டும் இருக்கும். ஸ்டில்ல டியூரோமேட்டிக்னு பேர். மணலும் மண்ணும் புகுந்து கெட பேரிங்கே கிடையாது, வேர்க்கட்டை வேலைக்குச் சொந்தம். ஆனா செயின் நுனியில உரசிக்கிட்டே சுத்துறதால சூடு அதிகம், இன்ஜின் பலமும் கொஞ்சம் அங்கேயே கரையும். சைனா மெஷின்ல இதைப் போட்டா இழுக்காது.

இப்ப உங்க மூணு மடங்குக்கு வர்றேன். பேரில்லாத பாரும் பார்வைக்கு மூணு தகடுதான். வித்தியாசம் விளிம்புல. செயின் ஓடுற ரெண்டு வரம்பையும் (ரெயில்னு சொல்றது) மட்டும் சூடேத்திக் குளிர வச்சு கடினமாக்கணும், நடு உடம்பு வளைஞ்சு கொடுக்கிற மாதிரி மிதமா இருக்கணும். மலிவு பார்ல ஒண்ணு ரெயில் மேலோட்டமாத்தான் கடினமாகியிருக்கும், இல்ல ஒரு இடத்துல கடினம், நாலு விரல் தள்ளி மெது. மெதுவான இடம் முதல்ல தேஞ்சு பள்ளமாகும். செயின் அங்க குதிச்சுக் குதிச்சுப் போகும், காடி விரியும். உங்க பாருக்கு நடந்தது இதுவா இருக்கலாம். மணல் அதைச் சீக்கிரப்படுத்தியிருக்கும்.

ரெண்டாவது வித்தியாசம் மூக்கு வீல். பேரிங் உருளைகளோட தரம் வெளியே தெரியாது, சூடான பிறகுதான் தெரியும்.

சுகிஹாரா, சுமுரா ரெண்டும் அருமையான பார். நம்ம ஊர்க் கடையில எளிதா கிடைக்காது, கிடைச்சாலும் மாத்து மூக்குக்கு அலையணும். உங்க வேலைக்கு எண்ணத்துலகூட வைக்க வேண்டாம்.

---

மலையோரம் பதில்:

தரம் பற்றிப் பேசும் முன் பொருத்தம். பணம் வீணாவதில் பாதி இங்குதான் நடக்கிறது.

எந்தப் பாருக்கும் நான்கு விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும்: பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் (காடிக்குள் இறங்கும் செயின் கண்ணி) எண்ணிக்கை, மெஷினில் மாட்டும் வால் பகுதியின் துளை அமைப்பு. நீளம் ஐந்தாவதுதான். ஆனால் எல்லோரும் அதை மட்டும் சொல்லி வாங்குகிறார்கள்.

பிட்ச்: செயினில் அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து இரண்டால் வகுக்க வேண்டும். அந்த மூன்று ரிவெட் தூரம் (வகுக்கும் முன்) ஏறக்குறைய 16.5 மிமீ என்றால் பிட்ச் .325 இஞ்ச். 18.6 மிமீ என்றால் 3/8. 20.5 மிமீ என்றால் .404. செயின், மூக்கு வீல், கிளட்ச் பக்கத்து ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) மூன்றும் ஒரே பிட்சாக இருக்க வேண்டும்.

கேஜ்: காடிக்குள் இறங்கும் லிங்கின் தடிமன். 1.1, 1.3, 1.5, 1.6 மிமீ என நான்கு. இஞ்ச் கணக்கில் .043, .050, .058, .063. காடியை வெர்னியரால் அளக்காதீர்கள், விளிம்பில் பிசிறு இருந்தால் அளவு பொய்யாகும். செயின் லிங்கை அளங்கள். காடிக்கு, தடிமன் குறித்த மெல்லிய ஃபீலர் கேஜ் தகடுகளைச் சேர்த்து நுழைத்துப் பார்க்கலாம். 1.5 காடியில் 1.3 செயின் போட்டால் உள்ளே போகும், ஓடும், வெட்டவும் செய்யும். ஆனால் இரு பக்கமும் ஆடி, நான்கு நாளில் ரெயிலைச் சாய்வாகத் தேய்த்துவிடும். கேள்வி கேட்டவர் இதையும் சோதிக்க வேண்டும். மெஷினோடு வந்த முதல் செயினும் பிறகு வாங்கிய செயினும் ஒரே கேஜ்தானா?

சைனா 52, 58 சிசி மெஷின்களில் வழக்கமாக வருவது .325 பிட்ச், 1.5 கேஜ். 20 இஞ்ச் என்றால் 76 லிங்க். 22 இஞ்ச் பெரும்பாலும் 86. இருந்தாலும் கழற்றி எண்ணிவிட்டே கடைக்குப் போங்கள்.

எம்எஸ் 382 என்பது 3/8, 1.6 மிமீ. 25 இஞ்சுக்கு 84 லிங்க், 20 இஞ்சுக்கு 72.

கடைசியாக வால். ஸ்டில்லில் எம்எஸ் 170 முதல் 250 வரையான சிறிய மெஷின்களுக்கு 3005 என்று தொடங்கும் பார். 382 போன்றவற்றுக்கு 3003. ஆரெகான் இதே பொருத்தங்களை ஏ074, டி025 என்று குறிக்கும். 3003-இன் நீள் துளை சுமார் 12 மிமீ அகலம், 3005-இல் சுமார் 8. சைனா மெஷின்கள் பெரும்பாலும் ஹஸ்க்வர்னாவின் சிறிய பொருத்தத்தைப் பின்பற்றும். ஆரெகான் குறியீடு கே095. அதே ஹஸ்க்வர்னாவின் பெரிய பொருத்தம் டி009.

இதில் ஒரு கண்ணி உண்டு. கொஞ்சம் பெரிய துளையுள்ள பார் போல்ட்டில் உட்கார்ந்துவிடும், செயினை இறுக்கும் டென்ஷன் பின்னும் மாட்டிக்கொள்ளும். ஆனால் மெஷினின் ஆயில் வாய்க்கு நேராக பாரின் ஆயில் துளை வராது. செயின் காய்ந்தே ஓடும். புதுப் பார் ஒரே நாளில் நீலம் பாய்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மாட்டுவதற்கு முன் கவரைக் கழற்றி, பாரை வைத்து, ஆயில் வாய் எங்கே படுகிறது என்று மார்க்கரால் குறித்துப் பாருங்கள்.

---

அரமும் மட்டமும் பதில்:

கடையில நின்னு என்ன பார்க்கலாம்னு கேட்டிருக்கீங்க. ஒரு சின்ன மூலைமட்டம், ஒரு தட்டை அரம், ஒரு துண்டு கண்ணாடி இருந்தா போதும். கண்ணாடிக்குக் கடையோட ஷோகேஸ் மேல்பக்கமே உதவும்.

பாரைக் கண்ணாடி மேல படுக்க வச்சு நாலு மூலையையும் விரலால தட்டுங்க. டக் டக்னு ஆடினா முறுக்கு. திருப்பிப் போட்டு இன்னொரு தடவை. அப்புறம் வால் பக்கத்துல கண்ணை வச்சு காடி வழியா மூக்கு வரைக்கும் பாருங்க, துப்பாக்கி குறி பார்க்கிற மாதிரி. வளைவு இருந்தா காடி ஓரமா ஒதுங்கித் தெரியும். பாரோட விளிம்பு நேர்கோடா இல்லாம வயிறு லேசா உப்பி இருக்கும். அது குறையில்ல, அமைப்பே அப்படித்தான். அதைப் பார்த்து வளைஞ்ச பார்னு திருப்பிக் கொடுத்துடாதீங்க.

மூலைமட்டத்தைப் பாரோட பக்கத்துல ஒட்டி ரெயில் மேல கிடத்துங்க. ரெண்டு ரெயிலும் ஒரே உயரம், ரெண்டும் தொடணும். ஒண்ணு தாழ்ந்திருந்தா வெளிச்சம் தெரியும். புதுப் பார்லயே இது தெரிஞ்சா வச்சுட்டு வந்துடுங்க. காடி நடுவுல இருக்கானும் பாருங்க. ஒரு பக்கத்து ரெயில் மெல்லிசா, மறுபக்கம் தடியா இருந்தா தகடு ஒட்டும்போதே நகர்ந்திருக்கு.

மூக்கு வீலை விரலால மெதுவா ஒரு முழுச் சுத்து சுத்துங்க. கரகரப்பு, ஒரு இடத்துல மட்டும் இறுக்கம், பக்கவாட்டு ஆட்டம் மூணும் கூடாது. மூக்கு தனியா மாட்டின பார்னா உடம்பும் மூக்கும் சேர்ற இடத்துல ரெயில் மேல நகத்தை ஓட்டுங்க. நகம் தட்டினா அங்க படி இருக்கு. ஒவ்வொரு லிங்கும் அந்தப் படியில மோதும். மலிவுல வர்ற "மூக்கு மாத்துற" பார் பலதும் தோற்கிறது இந்த இடத்துலதான்.

அரம் சோதனைக்குக் கடைக்காரர் சம்மதிக்கணும். ரெயில்ல அரத்தை லேசா ஒரே ஒரு இழுப்பு, அதே அரத்தை வால் பக்கத்து உடம்புல ஒரு இழுப்பு. உடம்புல பல் கடிக்கும், தூள் வரும். ரெயில்ல வழுக்கிக்கிட்டு, கீச்சுனு சத்தத்தோட கொஞ்சமாத்தான் எடுக்கணும். ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி கடிச்சா அந்த ரெயில் கடினமாகவே இல்லை. பழைய பார் கையில இருக்குல்ல, அதுல முதல்ல பழகிட்டுப் போங்க. ரெயில் நெடுக நாலஞ்சு இடத்துல இழுத்தா எங்க மெதுனு கை சொல்லும்.

பாரோட வால் பக்கம் நீளம், பிட்ச், கேஜ், பொருத்தக் குறி எல்லாம் அச்சடிச்சிருக்கும். அச்சையும் அளவையும் ஒப்பிடுங்க. 1.5-னு போட்டுட்டு 1.6 தகடு லொடலொடனு போச்சுனா அது கம்பெனி பேரை மட்டும் கடன் வாங்கின பார்.

வளையுற அறுப்பைப் பத்தி ஒண்ணு. பாரா செயினானு தெரியாம பாரை மாத்தாதீங்க. பாரை மேல்கீழாத் திருப்பி மாட்டி, அதே செயின்ல அதே கட்டையை அறுங்க. வளைவு பழையபடி அதே பக்கம் போனா குத்தம் செயின்ல: ஒரு பக்கத்துப் பல் நீளம், மறுபக்கம் குட்டை, இல்ல ஒரு பக்கம் மட்டும் மழுங்கல். வளைவு மாறினாலோ குறைஞ்சாலோ குத்தம் பார்ல.

---

கருவேலங்காடு:

அண்ணே, செஞ்சு பார்த்தேன். திருப்பிப் போட்டதும் வளைவு பாதியாக் குறையுது, ஆனா முழுசா போகல. செயின் லிங்க் 1.5, பார்லயும் .058-னு அச்சு இருக்கு. ரெயில் ஓரத்துல ரெண்டு பக்கமும் கத்தி மாதிரி பிசிறு நீட்டிக்கிட்டு இருக்கு. இந்தப் பாரை சரி பண்ணலாமா, தூக்கிப் போடவா?

---

அரமும் மட்டமும் பதில்:

பாதி குறைஞ்சா குத்தத்துல ரெண்டு பேருக்கும் பங்கு உண்டுனு அர்த்தம். செயின்ல எல்லாப் பல்லையும் வெர்னியரால அளந்து, இருக்கிறதுலயே குட்டையான பல்லோட அளவுக்கு மத்ததையும் அரம் போட்டுக் கொண்டுவாங்க. பல்லுக்கு முன்னாடி இருக்கிற ஆழக் கட்டையையும் அதே மாதிரி சமப்படுத்தணும், அதை மறந்துட்டா பல்லைச் சரி பண்ணியும் இழுக்கும்.

பாருக்கு இப்படி: பிசிறை முதல்ல எடுங்க. கையுறை போட்டுக்கிட்டு, தட்டை அரத்தைச் சாய்வாப் பிடிச்சு ரெயிலோட வெளிப்பக்கத்துல இழுக்கணும். பிசிறு நிக்கிற பார்ல ரெயில் ஓரம் துண்டு துண்டாத் தெறிக்கும், அதுக்கப்புறம் அரத்தால மீட்க முடியாது. அப்புறம் பாரை வைஸ்ல கட்டி, ரெயில் மேல்பக்கத்தை ரெண்டு பக்கமும் சமமா வர்ற வரைக்கும் தேய்ங்க. அரம் பாரோட பக்கத்துக்குச் சரியா 90 டிகிரில இருக்கணும். வெறுங்கையில அது வராது. ஒரு மரக்கட்டையில அரத்தைச் செங்குத்தாப் பதிச்சு, கட்டையைப் பாரோட பக்கத்துல ஒட்டி ஓட்டினா வரும்.

தேய்ச்ச பிறகு காடி ஆழத்தை அளங்க. ஸ்டில் சொல்ற குறைஞ்சபட்சம், .325-க்கும் 3/8-க்கும் 6 மிமீ, சின்ன மெஷின்ல வர்ற 3/8 பி-க்கு 5 மிமீ. அதுக்குக் கீழ போனா லிங்கோட நுனி காடி அடியில உரசும், செயின் ரெயில்ல உட்காராம மிதக்கும். அந்தப் பாருக்கு வைத்தியம் இல்லை.

வாய் விரிஞ்சதைச் சேர்க்க, அதே கேஜ் தகடு ஒண்ணைக் காடிக்குள்ள வச்சு, பாரைக் கெட்டியான இரும்பு மேல படுக்கப் போட்டு வெளிப்பக்கத்தை லேசாத் தட்டணும். ஓங்கி அடிச்சா கடினமான ரெயில் விரிசல் விடும். ஒரு தடவை பண்ணலாம், ரெண்டாவது தடவைக்குத் தாங்காது.

சேர்ந்துச்சானு பார்க்க: செயினை மாட்டி, ஒரு வெட்டுப் பல்லோட பக்கத்துலயும் பாரோட பக்கத்துலயும் சேர்த்து ஸ்டீல் ஸ்கேலை நிறுத்துங்க. ஸ்கேலுக்கும் பாருக்கும் நடுவுல இடைவெளி இருந்தா ரெயில் சரி. இடைவெளியே இல்லாம செயின் சாய்ஞ்சு, ஸ்கேல் பாரோட ஒட்டிப் படுத்தா ரெயில் முடிஞ்சுது.

---

தென்னந்தோப்பு பதில்:

எவ்வளவு நல்ல பார் வாங்கினாலும் ஆயில் இல்லாட்டி எல்லாம் ஒரே குப்பைதான். நம்ம பக்கத்துல எல்லாரும் வண்டில எடுத்த பழைய ஆயிலைத்தானே ஊத்துறாங்க, ஓடுதே? பார் ஆயில்னு தனியா விக்கிறதுக்குக் குடுக்கிற காசுல பாரே வாங்கிடலாம்.

தென்னை அறுக்கிறவங்களுக்கு: தென்னையோட வெளி மரத்துல சிலிக்கா உண்டு, செயினைச் சீக்கிரம் மழுக்கும். நாரு பாருக்குள்ள திணிஞ்சு காடி அடைக்கும். மூணு மரத்துக்கு ஒரு தடவையாவது செயினைக் கழட்டிக் காடியைச் சுரண்டுங்க. ஹேக்சா பிளேடு துண்டை காடி அகலத்துக்குத் தேய்ச்சு நுனியை வளைச்சு வச்சுக்கிட்டா அருமையா வரும். ஆயில் துளையிலதான் முதல்ல குத்தணும். அது அடைச்சா மீதி சுத்தம் பண்ணி என்ன பிரயோஜனம்.

---

மலையோரம் பதில்:

தென்னந்தோப்பு நண்பரே, காடி சுத்தம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. பழைய ஆயிலில் உடன்பாடில்லை. இன்ஜினில் ஓடிக் கழிந்த ஆயிலில் உலோகத் தூளும் கரியும் மிதக்கின்றன. அதை ரெயிலில் ஊற்றுவது மெல்லிய அரப்பொடி ஊற்றுவதற்குச் சமம். ஆயில் பம்பும் சேர்ந்து தேயும். செயின் சுற்றும்போது அந்த ஆயில் புகையாக முகத்தில் அடிக்கிறது, தோலுக்கும் நுரையீரலுக்கும் கேடு. ஹஸ்க்வர்னா கையேடு பழைய ஆயிலைத் தெளிவாகத் தடுக்கிறது.

பார் ஆயிலில் பிசுபிசுப்புக்காக ஒரு பொருள் சேர்க்கிறார்கள். மூக்கைச் சுற்றும்போது ஆயில் தெறித்துப் போகாமல் செயினோடு ஒட்டிக்கொண்டு கீழ் ரெயில் வரை வர அதுதான் காரணம். கட்டுபடியாகாவிட்டால் புது 20டபிள்யூ40 இன்ஜின் ஆயில் ஊற்றலாம். தெறிப்பு அதிகம் இருக்கும், அதனால் பம்ப்பைக் கூட்டி வைக்க வேண்டும். சைனா மெஷின்களில் பெரும்பாலும் அடிப்பக்கம் பம்ப் திருகு உண்டு. 22 இஞ்ச் பாருக்கு அதை முழுதாகத் திறந்தே வையுங்கள்.

சோதனை எளிது. மூக்கை ஒரு வெளிர் நிறக் கட்டைக்கு 20 செமீ மேலே பிடித்து, முக்கால் வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். கட்டையில் ஆயில் கோடு தெரிய வேண்டும். பெட்ரோல் டேங்க் ஒருமுறை காலியாகும்போது ஆயில் டேங்கும் அடி காண வேண்டும். பெட்ரோல் தீர்ந்தும் ஆயில் அரை டேங்க் நின்றால் வழியில் எங்கோ அடைப்பு.

---

தென்னந்தோப்பு:

சரி, பம்ப் தேயும்னு சொன்னீங்க பாருங்க, அதை ஒத்துக்கிறேன். பம்ப் மாத்துற கூலி பார் விலையைத் தாண்டும்.

---

மூணு பிளேட் பதில்:

காசுக் கணக்கு யாரும் போடலையே. பார் விலையை மட்டும் பார்க்காம, அந்தப் பார் எத்தனை செயினைத் தின்னு முடிக்குதுனு பாருங்க. பொதுவா ஒழுங்கான பார் மூணு நாலு செயின் தாங்கும், ரெண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் மாத்தணும். உதாரணத்துக்கு மலிவு பார் 800 ரூபா, நல்ல பார் 2,400-னு வச்சுக்குங்க. மலிவு பார் ஒன்றரைச் செயின்ல முடிஞ்சா, ஒரு செயினுக்குப் பார் செலவு 530 சொச்சம். நல்லது நாலு செயின் தாங்கினா 600. இதோட நின்னா மலிவுதான் ஜெயிக்குது!

ஆனா விரிஞ்ச காடியில ஓடின செயின் பல்லு ஒரு பக்கமா தேயும், அரம் போட்டே பாதியைத் தீர்த்துடுவோம். செயின் விலையில கால்வாசி அங்க போச்சுனாலே கணக்கு புரளுது. நாள்கூலிக்கு ஆள் வச்சு அறுக்கிறவங்களுக்கு, வளைஞ்ச அறுப்புல பார் மாட்டிக்கிட்டு ஆப்பு அடிச்சு எடுக்கிற நேரமும் காசுதான்.

அதனால என் கணக்கு இது. சைனா மெஷினுக்கு ஆரெகான் மூணு தகடு பார், கே095, .325, 1.5. கம்பெனி பேருக்கு இதுக்கு மேல குடுக்க வேண்டாம். மண்ணோட ஒட்டி தூர் வெட்டுற நாளுக்கு மட்டும் பேரில்லாத பாரும் பழைய செயினும் தனியா வச்சுக்குங்க. அங்க நல்ல பாரைக் கொண்டுபோய்க் கொல்றது பாவம்.

382-க்கு 25 இஞ்ச் ரோலோமேட்டிக் இ போதும். 72 சிசி மெஷின், செயின் இழுவை ஜாஸ்தி, அதுல பேரில்லாத பார் வேண்டவே வேண்டாம். 30 இஞ்ச் போட்டு பெரிய மரம் சாய்க்கிறவங்களுக்கு இஎஸ் சரி. மாத்து மூக்கு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் யோசிங்க: ரெயிலும் மூக்கும் ஏறக்குறைய ஒண்ணா தேயுற வேலைல மாத்து மூக்கு வாங்கி என்ன பண்றது? மூக்கு முதல்ல போறது, நுனியால கிளை கழிக்கிறவங்களுக்கும், செயினைத் தொளதொளனு விட்டு ஓட்டுறவங்களுக்கும். மூக்குக்குப் பின்னாடி ரெயில் தெறிச்சிருந்தா அதுதான் அடையாளம்.

---

மலையோரம் பதில்:

இன்னொன்று, 22 இஞ்ச். ஸ்டிக்கரில் 58 என்று இருந்தாலும் பல மெஷின்களில் சிலிண்டரை அளந்தால் கொள்ளளவு அதைவிடக் குறைவாகவே வரும். அந்தப் பலத்துக்கு, சீமைக்கருவேல் மாதிரி கெட்டி மரத்தில் 22 இஞ்ச் அதிகம். செயின் வேகம் விழும், ஆள் அழுத்துவார், அழுத்தினால் கீழ் ரெயில் சுடும், ரெயில் நீலமாகும். நீலம் பாய்ந்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று பொருள், அதன் பிறகு அது மெழுகு மாதிரி தேயும். 18 இஞ்ச், .325, 1.5, 72 லிங்க் பாருக்கு மாறினால் அதே மெஷின் வேறு மெஷினாகத் தெரியும். இரு பக்கமிருந்தும் அறுத்தால் 18 இஞ்ச் பாரே 30 இஞ்ச் தூரை முடிக்கும். சீமைக்கருவேலில் அதற்கு மேல் தடிமன் எத்தனை முறை வரப்போகிறது?

அழுத்துகிறோமா என்று தெரிய, விழும் தூளைப் பாருங்கள். செதில் செதிலாக விழுந்தால் செயின் வெட்டுகிறது. மாவாக விழுந்தால் மழுங்கிவிட்டது, நீங்கள்தான் அழுத்துகிறீர்கள்.

டென்ஷன்: குளிர்ந்த நிலையில் செயின் கீழ் ரெயிலைத் தொட்டுக்கொண்டு, கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். வேலை நடுவே சூட்டில் தொய்ந்தால் இறுக்கலாம், ஆனால் முடிந்ததும் கட்டாயம் தளர்த்திவிட வேண்டும். ஆறும்போது செயின் சுருங்கி, கிராங்க் ஷாஃப்டையும் பேரிங்கையும் இழுத்துக் கெடுக்கும். இறுக்கும்போது மூக்கை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே நட்டைத் திருகுங்கள், இல்லாவிட்டால் முதல் அறுப்பிலேயே தொய்ந்துவிடும்.

---

கருவேலங்காடு:

18 இஞ்ச் ஆரெகான் கே095 எடுக்க முடிவு பண்ணிட்டேன். 382-க்கு ரோலோமேட்டிக் இ. மூக்குல கிரீஸ் துளை இருக்கிற பாருக்கு கிரீஸ் வைக்கணுமா? சிலர் வைக்காதேங்கிறாங்க.

---

அரமும் மட்டமும் பதில்:

துளை இருந்தா வைக்கணும். பழைய கருப்புக் கிரீஸ் வெளியே தள்ளி, புதுசு எட்டிப் பார்க்கிற வரைக்கும் ஊசி கன்னால அடிங்க, வேலை முடிஞ்ச சாயங்காலம், மூக்கு சூடா இருக்கும்போதே. துளையைத் துடைக்காம அடிச்சா மணலையும் சேர்த்து உள்ளே தள்ளுவீங்க. ஒரு தடவை ஆரம்பிச்சா விடாம வைக்கணும், அரைகுறைதான் பேரிங்கைக் கொல்லும். துளையே இல்லாத பார், ரோலோமேட்டிக் மாதிரி, அதுக்குத் தேவையில்ல. துளை போட முயற்சி பண்ணாதீங்க, பண்ணினவங்க உண்டு.

ஒவ்வொரு தடவை செயினுக்கு அரம் போடும்போதும் பாரை மேல்கீழாத் திருப்பி மாட்டுங்க. எழுத்து தலைகீழா நிக்குதேனு யோசிக்க வேண்டாம். மாட்டினதும் மூக்கைப் பாருங்க: வீல் இருக்கிற பார்ல செயின் மூக்குக்கு வரும்போது ரெயிலை விட்டு லேசா மேலே எழும்பி நிற்கணும். எழும்பாம ரெயிலோட உரசினா வீல் பல் தேஞ்சிருக்கு.

புதுப் பாரைப் பழைய ஸ்ப்ராக்கெட்ல மாட்டிடாதீங்க. கிளட்ச் கவரைத் திறந்து ஸ்ப்ராக்கெட் பல்லுல செயின் பதிஞ்ச தழும்பை அளங்க. அரை மில்லிமீட்டருக்கு மேல ஆழம் இருந்தா அதையும் சேர்த்தே மாத்துங்க, புதுச் செயினோட லிங்கை அது ஒரு வாரத்துல இழுத்துடும். கடைக்குப் போகும்போது பழைய ஸ்ப்ராக்கெட்டையும் கையில எடுத்துட்டுப் போங்க, சைனா மெஷின்ல கிளட்ச் டிரம்மோட சேர்ந்ததும் வரும், தனி வளையமா வர்றதும் உண்டு.

---

கருவேலங்காடு:

திறந்து பார்த்தேன். தழும்பு 0.8. டிரம்மோட சேர்ந்தது. நாளைக்கு பார், செயின், ஸ்ப்ராக்கெட் மூணையும் சேர்த்து வாங்கிடுறேன்.